உண்ண மறுக்கும் வளர்ப்புப் பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த நடுக்கத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. செம்பனை மட்டை அடுக்கிலும் கால்வாய் ஓரத்திலும் பாம்பைக் கண்டு ஒதுங்கியே வளர்ந்தவர்கள் நாம். ஆனால், இன்று நம் இளைஞர்களில் சிலர் பணம் கொடுத்துப் பாம்பை வாங்கி, வீட்டில் வைத்து வளர்க்கிறார்கள். அது நல்லதா, கெட்டதா என்னும் வழக்கிற்குள் நாம் இன்று புகப்போவதில்லை. வாங்கி வந்த உயிர் வீட்டில் இருக்கிறது, வைத்த இரையை அது தொட மறுக்கிறது, என்ன செய்வது? இந்த ஒரு கேள்வியை மட்டும் இன்று ஆராய்வோம்.

பாம்புகளில் பல வகை உண்டு. எல்லாவற்றையும் ஒரே பேச்சில் அடக்க முடியாது. ஆகவே, வளர்ப்பவர்கள் அதிகமாக வாங்குவதும், உண்ண மறுப்பதில் பெயர் பெற்றதுமான ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். அதுதான் பந்து மலைப்பாம்பு. மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வாழும் சிறிய மலைப்பாம்பு இது. வளர்ந்த பாம்பு பெரும்பாலும் 3 முதல் 5 அடி நீளம் இருக்கும். நஞ்சு இல்லை. அச்சம் வந்தால், தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்துபோல் சுருண்டுவிடும்; அதனால் வந்தது பெயர். ஆங்கிலத்தில் 'பால் பைத்தன்' என்பார்கள். அந்தப் 'பால்' பந்தைக் குறிப்பதே தவிர, நாம் குடிக்கும் பாலை அன்று. பாம்புக்கும் பாலுக்கும் உள்ள உறவைப் பிறகு பார்ப்போம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவது ஆசிரியர்களாகிய எங்கள் கடமை. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. இத்தகைய பாம்பை வளர்க்க விரும்புவோர், பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் உரிமம் பெற்றே வளர்க்க வேண்டும். சிங்கப்பூரில் பாம்பை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. தோட்டத்தில் அகப்படும் நம் நாட்டு மலைப்பாம்பைப் பிடித்து வந்து கூண்டில் அடைப்பதும் கூடாது. அது 20 அடிக்கும் மேல் வளரக்கூடியது. காட்டில் இருக்க வேண்டியது.

இனி நம் கேள்விக்கு வருவோம்.

பாம்பு ஏன் உண்ணவில்லை என்று கேட்பவர்கள், பெரும்பாலும் பாம்பிடத்தில்தான் குற்றம் காண்கிறார்கள். "அதற்குப் பிடிவாதம்" என்பார்கள். "ருசி பிடிக்கவில்லை" என்பார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளை பாடத்தைக் கவனிக்கவில்லை என்றால், பிள்ளையை வைவதற்கு முன் வகுப்பறையைப் பார். வெளிச்சம் இருக்கிறதா, காற்று வருகிறதா, பிள்ளை எதற்காவது அஞ்சுகிறதா என்று பார் என்பது அந்தப் பாடம். பாம்பு வளர்ப்பவருக்கும் இதைவிட நல்ல அறிவுரை வேறில்லை. உண்ண மறுப்பது பாம்பின் பேச்சு. "நான் இருக்கும் இடம் சரியில்லை" என்பதைச் சொல்ல அதற்கு வேறு மொழி கிடையாது.

ஏன் அப்படி என்பதை அறிய, பாம்பின் உடல் வேலை செய்யும் முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும். நம் உடல், தானே சூட்டை உண்டாக்கிக்கொள்கிறது. பாம்போ தன் சூட்டைச் சுற்றுப்புறத்திலிருந்து கடன் வாங்குகிறது. அதன் வயிற்றில் செரிமானம் நடப்பதும் அந்தக் கடன் வாங்கிய சூட்டில்தான். சூடு போதாவிட்டால், விழுங்கிய எலி செரிக்காமல் உள்ளேயே அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். ஆகவே, குளிர்ந்த இடத்தில் இருக்கும் பாம்பு உண்ணாமல் இருப்பது பிடிவாதம் அன்று, தற்காப்பு.

மலைப்பாம்புக்குச் செரிமானம் என்பது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? பர்மிய மலைப்பாம்பைக் கொண்டு அமெரிக்காவில் ஆய்வுகள் நடந்துள்ளன. இரையை விழுங்கிய இரண்டு நாளுக்குள், அதன் இதயம் ஏறக்குறைய 40 விழுக்காடு பெருத்துவிடுகிறது என்று 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. குடலும் பெருக்கிறது. வேலை முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. நெடுநாள் மூடிக் கிடந்த ஆலையைத் திறந்து, எல்லா இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் ஓட்டுவது போன்றது இது. இடமும் சூடும் பாதுகாப்பும் சரியாக அமையாதபோது, அந்த ஆலையைத் திறக்கப் பாம்பு துணிவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆலை மூடியிருக்கும்போது செலவு மிகக் குறைவு. 2007இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், பந்து மலைப்பாம்பு உட்பட மூன்று வகைப் பாம்புகளை 168 நாள் வரை உணவின்றி வைத்துக் கவனித்தார்கள். சில பாம்புகள் தங்கள் உடலின் சக்திச் செலவை 72 விழுக்காடு வரை குறைத்துக்கொண்டன. இதனால், எந்தப் பாம்பையும் ஆறு மாதம் பட்டினி போடலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. உடல் நலமுள்ள பெரிய பாம்பு சில வாரம் உண்ணாவிட்டால், வளர்ப்பவர் பதற வேண்டியதில்லை என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். பொரித்துச் சில மாதமே ஆன குட்டிக்கு இந்தத் தாங்கும் சக்தி குறைவு. அதன்மீது கூடுதல் கவனம் வேண்டும்.

பதற்றம்தான் இங்கே பெரிய பகை. எங்கள் பழைய மாணவர் ஒருவர், பட்டணத்தில் வேலை செய்பவர், ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தார். "சார், ரெண்டு மாசமா எதையும் தொட மாட்டேங்குது. கூட்டாளி ஒருத்தர் வாயைத் திறந்து உள்ள தள்ளிடுன்னு சொல்றாரு. செய்யலாமா?" என்று கேட்டார். "தம்பி, தள்ளுறது இருக்கட்டும். அது இருக்கிற இடத்தைப் பத்தி முதல்ல சொல்லு" என்றோம். அவர் சொல்லச் சொல்ல, காரணம் ஒவ்வொன்றாக வெளிவந்தது. நான்கு பக்கமும் கண்ணாடி போட்ட பெட்டி. அது வைத்திருந்த இடம் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில். இரவில் ஏர்கோன் 20 பாகையில் ஓடும். ஒளிந்துகொள்ள ஒரே ஒரு அகலமான பிளாஸ்டிக் குகை. மாலையில் வரும் நண்பர்களுக்குக் காட்டப் பாம்பைக் கையில் எடுப்பார். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ந்த எலியை அதன் முகத்தருகே நீட்டுவார். அந்த மாணவர் அன்புக்குக் குறை வைக்கவில்லை. ஆனால், அந்த அன்பு பாம்புக்குப் புரியும் வடிவில் இல்லை.

இவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தும் முறையைக் காண்போம்.

முதலாவது, வெப்பம். பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸும், மறுபக்கம் 25 முதல் 27 பாகையும் இருக்க வேண்டும். இரண்டு பக்கம் எதற்கு? சூடு வேண்டும்போது ஒரு பக்கமும், போதும் என்னும்போது மறுபக்கமும் பாம்பு தானே நகர்ந்துகொள்ளும். நம் நாட்டுச் சமவெளியில் ஏர்கோன் இல்லாத அறையென்றால், பகலில் பாதி வேலை தானாகவே முடிந்துவிடும். இடர் வருவது ஏர்கோன் அறையிலும் கேமரன் மலை போன்ற குளிர்ப் பகுதிகளிலும்தான். அங்கெல்லாம் பெட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் வெப்பத் தகடு வைக்கலாம். ஆனால், சூட்டைத் தானே அளந்து நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் அதை வைக்கவே கூடாது. கட்டுப்பாடற்ற தகடு பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும். சூடு கிடைக்கட்டும் என்று கண்ணாடிப் பெட்டியை வெயில்படும் சன்னலோரம் வைப்பது அதைவிடக் கொடுமை. சிறிது நேரத்தில் பாம்பு வெந்து இறந்துபோகும். கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டைக் கணிக்காதீர்கள். பெட்டியின் இரு முனைகளிலும் வெப்பமானி இருக்கட்டும்.

இரண்டாவது, மறைவிடம். ஆப்பிரிக்கப் புல்வெளியில் இந்தப் பாம்பு பகற்பொழுதை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிக்கிறது. இருட்டிய பிறகே வெளியே வருகிறது. அப்படிப்பட்ட உயிரை நாற்புறமும் திறந்த கண்ணாடிக்குள் விடுவது, பருந்து வட்டமிடும் திடலின் நடுவே கோழிக்குஞ்சை விடுவது போலாகும். பெட்டியின் மூன்று பக்கங்களைக் கறுப்புத் தாளால் மூடுங்கள். உள்ளே ஒன்றுக்கு இரண்டு மறைவிடங்கள் வையுங்கள். ஒன்று சூடான பக்கம், மற்றது குளிர்ந்த பக்கம். ஒரே மறைவிடம் இருந்தால், சூடா, பாதுகாப்பா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குப் பாம்பு தள்ளப்படும். மறைவிடம் அகலமாகவும் இருக்கக் கூடாது. சுருண்டு படுத்தால் உடம்பு நாற்புறமும் சுவரில் பட வேண்டும். அந்த நெருக்கம்தான் அதற்கு நிம்மதி. கடையில் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. விளிம்பில் வாசல் வெட்டிக் கவிழ்த்த பூச்சட்டி போதும். குட்டிப் பாம்புக்குச் சுத்தம் செய்த கொட்டாங்கச்சியே போதும்.

மூன்றாவது, அமைதி. பாம்புக்கு வெளிக்காது இல்லை. ஆனால், தரையிலும் பெட்டியிலும் ஏற்படும் அதிர்வை அது உடம்பால் நன்றாக உணரும். ஆகவே, பெட்டியைத் தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, அடிக்கடி அறைந்து சாத்தும் கதவு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. நேயர்கள் எங்கள் பேச்சைக் கேட்கும் வானொலியையும் அதன் பெட்டிமேல் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். புதிதாக வந்த பாம்பையும் உண்ண மறுக்கும் பாம்பையும் குறைந்தது ஒரு வாரம் முதல் 10 நாள் வரை கையில் எடுக்காமல் விடுங்கள். தண்ணீர் மாற்றுவதும் கழிவை அகற்றுவதும் மட்டும் போதும். உண்ட பிறகும் இரண்டு நாளாவது தொடக் கூடாது.

நான்காவது, ஈரப்பதம். 55 முதல் 65 விழுக்காடு இருந்தால் நல்லது. ஏர்கோன் அறையில் காற்று உலர்ந்துவிடும்; அங்கே சற்றுப் பெரிய தண்ணீர்க் கிண்ணம் வைக்கலாம். சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போது பாம்பின் கண் நீலம் பூத்து மங்கலாகும். அந்த நாள்களில் அதற்குப் பார்வை தெளிவாக இராது. பல பாம்புகள் இரையைத் தொடமாட்டா. சட்டையை உரித்து முடிக்கும்வரை காத்திருப்பதே சரி. இவ்வாறே, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாம்புகளும், வயிற்றில் முட்டையுள்ள பெண் பாம்புகளும் உணவை மறுப்பது இயல்பு.

இவ்வளவையும் திருத்திய பிறகே இரையைப் பற்றிப் பேச வேண்டும். பலரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள், அதுதான் தவறு.

இரையின் பருமன், பாம்பின் உடலில் தடித்த பகுதியின் பருமனுக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கட்டும். உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டுவிட்டுப் போவது ஆபத்து. பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். உறையவைத்த எலியே நல்லது. முதல் நாள் இரவே அதை மூடிய பைக்குள் இட்டு ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். பிறகு, பையோடு வெந்நீரில் வைத்துச் சூடேற்றுங்கள். கொதிக்க வைக்கவோ மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவோ கூடாது. இந்தப் பாம்பின் உதட்டோரத்தில் சிறு குழிகள் வரிசையாக உள்ளன. அவை இரையின் உடற்சூட்டை அறியும் கருவிகள். எலியின் உடற்சூடான 38 பாகையளவு இருந்தால்தான் அது இரை என்று பாம்புக்கு விளங்கும். சில்லிட்ட எலி, அதற்கு ஏதோ ஒரு பொருள், அவ்வளவுதான்.

நேரமும் முக்கியம். இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, நீண்ட இடுக்கியால் எலியின் வாலைப் பிடித்து, மறைவிடத்தின் வாசலுக்குச் சற்றுத் தள்ளி மெல்ல அசையுங்கள். முகத்தில் இடிக்காதீர்கள். ஓரிரு நிமிடம் பார்த்துவிட்டு, எடுக்காவிட்டால் எலியை வாசலருகே வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். பல பாம்புகள் ஆளில்லாத நேரத்தில்தான் உண்ணும். காலையில் மீதி இருந்தால் அகற்றிவிட வேண்டும். நம் வெப்பத்தில் அது விரைவில் அழுகும். மீண்டும் கொடுப்பது ஒரு வாரம் கழித்து. தினமும் நீட்டினால் பாம்புக்கு அச்சம்தான் வளரும். அது முன்பு எதை உண்டு பழகியது என்று விற்றவரிடம் கேட்பதும் பயன் தரும். சுண்டெலியை உண்டு பழகிய பாம்பு பெரிய எலியை இரையாகவே கருதாமல் இருப்பதுண்டு.

காத்திருக்கும் நாள்களில் நம் மனத்துக்கு ஒரு பிடிப்பு வேண்டாமா? அதைத் தருவது தராசு. மாவு நிறுக்கும் சிறு தராசே போதும். ஒரு பெட்டியில் பாம்பை விட்டு வாரம் ஒருமுறை நிறுத்து, தேதியோடு ஏட்டில் குறித்து வையுங்கள். 1,200 கிராம் இருந்த பாம்பு 1,150 கிராம் ஆனால் அஞ்ச வேண்டாம். பத்தில் ஒரு பங்கு, அதாவது 120 கிராம் குறைந்துவிட்டால், ஊர்வனவற்றைப் பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மூச்சில் இரைச்சல், வாயில் எச்சில் குமிழி, செதில்களுக்கிடையே உண்ணி, உண்டதைக் கக்குதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் எடையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே செல்ல வேண்டும். கக்கிய பாம்புக்கு மறுநாளே இரை கொடுக்கக் கூடாது. 10 நாளுக்கு மேல் இடைவெளி விட்டு, முன்னதைவிடச் சிறிய இரையாகக் கொடுக்க வேண்டும்.

வாயைத் திறந்து திணிக்கலாமா என்று அந்த மாணவர் கேட்டார் அல்லவா? கூடவே கூடாது. பாம்பின் பல்லும் தொண்டையும் மென்மையானவை, திணித்தால் கிழியும். அதைவிட, மனிதக் கையும் இரையின் வாடையும் சேர்ந்து வந்தால் துன்பம் வரும் என்று அது கற்றுக்கொண்டுவிடும். பிறகு அதை உண்ணவைப்பது இன்னும் கடினம். திணிக்க வேண்டிய நிலை வந்தால், அது மருத்துவர் கையால் நடக்க வேண்டிய வேலை.

அவரை நிறுத்துப் பார்க்கச் சொன்னோம். வாங்கியபோது 1,150 கிராம். இப்போது 1,090 கிராம். இரண்டு மாதத்தில் 60 கிராம்தான் குறைந்திருந்தது. அவகாசம் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் குரலிலேயே தெம்பு வந்தது. பெட்டியை ஏர்கோன் இல்லாத உள்ளறைக்கு மாற்றினார்; பக்கங்களை மூடினார்; இரண்டு பூச்சட்டிகளைக் கவிழ்த்தார்; 10 நாள் தொடாமல் விட்டார். பிறகு கொடுத்த முதல் எலியைப் பாம்பு தொடவில்லை. அடுத்த வாரம், இரவில் சூடான எலியை வாசலில் வைத்துவிட்டு வந்தார். காலையில் எலி இல்லை. அவர் மாற்றியது பாம்பையன்று, இடத்தைத்தான்.

இனி, பாலைப் பற்றி ஒரு வார்த்தை. உண்ணாத பாம்புக்குப் பாலாவது ஊற்றலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. புற்றுக்குப் பால் வார்ப்பது நம் மக்களின் வழிபாட்டு மரபு. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், உணவு என்ற முறையில் பால் பாம்புக்கு ஏற்றதன்று. தாகத்தால் தவித்த பாம்பு எதிரே இருக்கும் எந்த நீர்மத்தையும் குடிக்கக்கூடும். அதைக் கண்டு பால் அதன் உணவு என்று எண்ணக் கூடாது. வளர்ப்புப் பாம்புக்கு வேண்டியது தூய தண்ணீர். அசையாமல் கிடப்பதும் நோயன்று. பினாங்குப் பாம்புக் கோயிலில் கிளைகளில் அசையாமல் கிடக்கும் விரியன்களைப் பார்த்திருப்பீர்கள். பதுங்கியிருந்து இரை பிடிக்கும் பாம்புகளின் இயல்பு அது.

வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருந்தால் ஊர்வனவற்றை வளர்க்காமல் இருப்பதே நலம். அவற்றின் உடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். பாம்பையோ அதன் பெட்டியையோ தொட்டவர்கள் சவர்க்காரத்தால் கை கழுவ வேண்டும். எலியை உருக்கும் பாத்திரம் சமையலறைப் பாத்திரமாக இருக்கக் கூடாது.

பந்து மலைப்பாம்பு நீண்ட ஆயுள் கொண்டது. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச் சாலையில், 1961இல் கொண்டுவந்து சேர்க்கப்பட்ட ஒரு பெண் பாம்பு, 2020இல் 60 வயதையும் தாண்டிய நிலையில் முட்டையிட்டது. ஆகவே, பாம்பை வாங்குவோர் சில மாத விளையாட்டுப் பொருளை வாங்கவில்லை. பல்லாண்டுப் பொறுப்பை வாங்குகிறார்கள். பத்து நாள் தொடாமல் காத்திருக்க முடியுமா என்று வாங்குவதற்கு முன்பே தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். முடியாதென்றால் வாங்காமல் இருப்பதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை.

சுருங்கச் சொன்னால், உண்ண மறுக்கும் பாம்புக்கு முதலில் சூட்டைச் சரிசெய்க, மறைவிடம் தருக, தொடாமல் விடுக, நிறுத்துக் குறித்து வைக்க, அதன்பிறகே இரையை நீட்டுக. உடம்புக்கு நோயில்லாத பாம்பு, தன் இடம் பாதுகாப்பானது என்று உணர்ந்தால் தானே உண்ணும்.